பீடத்து அப்பமும் லயத்து ரொட்டியும்

வழிபாடு மனிதனை மாற்றுகின்றதா என்பது சமய வரலாற்றில் பழைய வினாவே. ஆயினும் அவ்வினாவை இலங்கை மண்ணில் நின்று, தாம் சார்ந்த திருச்சபையை நோக்கியே எழுப்பியவர் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் (1924–2013). வேறொரு நூலுக்காக 1997 இல் சபைவிலக்கம் செய்யப்பட்டு, மறு ஆண்டே மீள ஏற்கப்பட்ட துறவி அவர். 1977 இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'நற்கருணையும் மானிட விடுதலையும்' என்னும் பொருள்தரும் தலைப்புடைய அவரது நூல் கேட்பது இதுவே: பகிர்வின் அடையாளமாகிய நற்கருணையைக் காலங்காலமாக உட்கொண்டுவந்த சமுதாயங்களே பிறர் நிலத்தையும் உழைப்பையும் பறித்தது எவ்வாறு? இவ்வாதத்தை ஊவாத் தோட்டங்களில் வைத்து உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகத் தமிழரிடையே கிறிஸ்தவம் பரவிய வரலாறு அடிகளாரின் கூற்றுக்கு அரண்செய்கின்றது. அங்கிலிக்கன் சபை சார்ந்த 'தமிழ்க் கூலி மிஷன்' 1854 இல் தொடங்கியபோது தோட்டத்துரைமாரின் ஆதரவும் பொருளுதவியும் அதற்குத் துணைநின்றன. பெயரிலேயே 'கூலி' என்ற சொல்லைச் சுமந்த அவ்வியக்கம் எழுத்தறிவையும் கொணர்ந்தது. அதனை மறுத்தல் முறையன்று. ஆனால் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்த கையே உபதேசியாருக்கும் படியளந்தபோது, கீழ்ப்படிதலைப் போதிப்பது எளிதாயிற்று. அநீதியைக் கண்டிப்பது அரிதாயிற்று.

நூலின் வாதம் மிகக் கூர்மையாகப் பொருந்துமிடம் உணவேயாகும். பீடத்தில் வைக்கப்படும் அப்பமும் கோதுமை. லயத்து அடுப்பில் வேகும் ரொட்டியும் கோதுமை. 1973–74 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களிலே மக்கள் பட்டினியால் மடிந்தனர். அதே ஆண்டுகளில் தேவாலயங்களில் அப்பமும் பிட்கப்பட்டது. இவ்விரு கோதுமைக்கும் உறவில்லை எனக் கருதும் வழிபாடு தன் பொருளையே இழந்துவிடுகின்றது. இவ்வுறவைத் தம் வாழ்வினால் உணர்த்த முயன்றவர் ஆயர் லியோ நாணயக்கார. 1972 இல் பதுளை மறைமாவட்டம் புதிதாக அமைக்கப்பட்டபோது, நன்கு வேரூன்றியிருந்த கண்டி மறைமாவட்டத்தை விட்டு, வறிய மக்கள் வாழும் ஊவாவுக்குச் செல்ல அவர் முன்வந்தார். 1982 இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். வழிகாட்டுவோன் முதலில் இடம்பெயர வேண்டும் என்பது அச்செயலின் பொருள் எனலாம்.

எனினும் அடிகளாரின் நோக்கில் ஒரு குறையும் தென்படுகின்றது. சமுதாய அமைப்பை ஊடுருவும் அவரது பார்வை, தனிமனிதத் துயரின் முன்னே போதியவளவு தங்குவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் செபமாலையைப் பற்றும்போது அவள் தேடுவது சமுதாய ஆய்வையன்று. தன்னோடு அழும் இறைவனை. அதனை மயக்கமருந்து எனத் தள்ளுதல் எளிது. ஆனால் விவிலியச் சங்கீதங்களுள் கணிசமானவை புலம்பல்களே என்பதை மறத்தலாகாது. அங்கே புலம்புவோன் ஆறுதலை மட்டுமன்றி நியாயத்தையும் இறைவனிடமே கேட்கின்றான். ஆறுதலும் நீதியும் ஒரே வாயிலிருந்து பிறக்கும் வேண்டுதல்கள்.

அவ்வாறாயின் ஆறுதல் ஏமாற்றாக மாறுவது எப்போது? 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் மக்கள் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தப்படவில்லை. இத்தகைய சாவுகளை 'இறைசித்தம்' என விளக்கும் எந்தப் பிரசங்கமும், மனிதர் செய்யத் தவறியதை இறைவன் தலையிற் சுமத்துகின்றது. அது விசுவாசமன்று, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்குச் சமயம் வழங்கும் சான்றிதழ்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் தாய்மொழிக்கு இடமளித்ததோடு, விசுவாசிகளின் மன்றாட்டையும் பூசையில் மீண்டும் சேர்த்தது. தமிழ் பீடத்துக்கு வந்தது. தோட்டத் தொழிலாளியின் சொல் வந்ததா? அச்சிட்ட மன்றாட்டை ஒருவர் வாசிக்க ஏனையோர் மறுமொழி கூறுவதோடு அது முடியுமாயின், பெரட்டுக்களமும் கொழுந்து நிறையும் காணியுரிமையும் தேவாலய வாசலிலேயே நின்றுவிடும். ஞாயிறன்று கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் செல்பவள் பூசைக்கு வரவில்லையே எனக் கடிந்துரைப்பதற்கு முன், ஆறு நாட் சம்பளம் அவள் வீட்டுக்கு ஏன் போதவில்லை என்று சபை கேட்டாக வேண்டும்.

ஆகவே வழிகாட்டல் என்பது பிரசங்க மேடையிலிருந்து லயத்துக்கு இறங்கும் ஒருவழிப் பாதையன்று. மன்றாட்டை அம்மக்களே தம் சொற்களில் அமைக்கட்டும். குருவானவர் அதனைக் கேட்டு, தம் மறையுரையை அதற்கு விடையாக அமைக்கட்டும். பாலசூரிய அடிகளாரின் வினாவுக்கு நூலகத்தில் விடை கிடையாது. ஊவா மலைச்சரிவுகளில் அடுத்த ஞாயிறு கூடும் சபை எதற்காக மன்றாடுகின்றது, மன்றாடிய பின் எவரோடு நிற்கின்றது என்பதிலேதான் அவ்விடை அடங்கியுள்ளது.