'என்று' நீங்கிய எண்ணம்: தமிழ் நாடகத்திலும் புனைகதையிலும் பாத்திர மனமொழி

முன்னுரை

பாத்திரத்தின் எண்ணத்தை வெளிப்படுத்தும் முறை இலக்கிய வகைக்கேற்ப மாறுபடுகிறது. அம்முறையைக் கருதாது படிக்கும்போது, பாத்திரத்தின் கருத்து படைப்பாளியின் கருத்தாகக் கொள்ளப்படுகிறது. இப்பிழையைத் தவிர்க்க உதவும் தமிழ் மொழிக்கூறுகள் சில இங்கு ஆராயப்படுகின்றன.

நாடகத்தில் எண்ணம்

மேடையில் எண்ணம் ஒலிவடிவம் பெற்றாக வேண்டும். எண்ணத்தைக் கூற்றாக்கும் மரபு தமிழில் பழமையானது. திருக்குறளின் 125ஆம் அதிகாரமாகிய 'நெஞ்சொடு கிளத்தல்' பகுதியில் தலைவி தன் நெஞ்சையே கேட்போராக நிறுத்திப் பேசுகிறாள். பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தில் (1891) குடிலனின் தனிமொழி, அரசன்முன் அவன் பேசுவதற்கும் தனிமையில் நினைப்பதற்குமுள்ள முரணை அவையோர்க்குப் புலப்படுத்துகிறது. இவ்விரண்டிலும் கூற்று யாருடையது என்பதில் ஐயமில்லை.

புனைகதையில் எண்ணம்

புனைகதையில் 'என்று நினைத்தாள்' என்னும் முடிப்பு நீங்கினால், கதைசொல்லியின் கூற்றும் பாத்திரத்தின் எண்ணமும் ஒரே தோற்றம் கொள்கின்றன. பிளோபேரின் 'மதாம் பொவாரி' (1857) போன்ற பிரெஞ்சு நாவல்களில் தொடர் இறந்தகால வினைவடிவம் இந்நடைக்கு முக்கிய அடையாளமாகும். ஆங்கிலத்திலும் எண்ணத்தின் காலம் இறந்தகாலத்திற்கு மாற்றப்படுகிறது. தமிழில் அம்மாற்றம் இல்லை. எண்ணியவாறே காலம் நிற்கும். எனவே கால மாற்றத்தை மட்டும் தேடும் ஆய்வு, தமிழில் இந்நடையைக் காணத் தவறும்.

விளக்கத்திற்காக அமைத்த பின்வரும் பகுதியைக் கருதலாம்:

"கமலா கதவைச் சாத்தினாள். அம்மா நாளை வந்துவிடுவாள். அதுவரை தான் இந்த வீட்டில் வாய் திறக்கப்போவதில்லை. திறந்து என்ன பயன்? இவர்கள் எல்லாரும் நன்றி கெட்டவர்கள்."

முதல் வாக்கியம் கதைசொல்லியுடையது. ஏனையவை கமலாவின் எண்ணம். 'அவளுடைய' என்னும் அடை பெறாத 'அம்மா', அவள் நிற்கும் நாளிலிருந்து கணக்கிடப்படும் 'நாளை', தனிவாக்கியத்தின் எழுவாயாக வரும் 'தான்', விடை வேண்டா வினா ஆகியன இதனைக் காட்டுகின்றன. இறுதி வாக்கியத்திலோ 'இவர்கள்' என்னும் அண்மைச்சுட்டு மட்டுமே சான்றாக எஞ்சுகிறது. அவ்வாக்கியத்தைத் தனியே மேற்கோளாக எடுத்தால், கமலாவின் சினம் ஆசிரியரின் தீர்ப்பாகிவிடும்.

முடிவுரை

சாதி, பாலினம் சார்ந்த வாசிப்புகளில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. பாத்திரத்தின் வெறுப்பை ஆசிரியர்மீது ஏற்றுவதும், ஆசிரியரின் சாய்வைப் பாத்திரத்தின் பெயரால் பொறுத்துக்கொள்வதும் இதனைக் கருதாமையால் விளைபவை. ஒரு வாக்கியத்தை மேற்கோளாக்கும் முன் அதன் சுட்டு, உறவுப்பெயர், 'தான்' ஆகியவை யாருடைய நிலையிலிருந்து அமைந்துள்ளன என்பதை முன்பின் வாக்கியங்களோடு சேர்த்து ஆராய்தல் வேண்டும்.