மூன்றாவது பீடத்தின் மேல் வானம்

திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் கொடும்பாளூர். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்ற தன் தேவியர் பெயராலும் அங்கே எழுப்பிய மூவர் கோயிலில் மூன்று விமானங்கள் வடக்கு தெற்காக ஒரே வரிசையில் இருந்தன. நடுவிலும் தெற்கிலும் உள்ளவை ஆயிரம் ஆண்டு கடந்து இன்றும் நிற்கின்றன. வடக்கில் அடித்தளம் மட்டுமே மிச்சம்.

மூன்றுமே மேற்குப் பார்த்தவை. அதனால் பொழுது சாயும்போது வெயில் நேராக விமானத்தின் முகத்தில் விழும். மேற்கே நின்று பார்த்தால் கல் பொன்னிறமாகும்; அதன் பின்னால் கிழக்கு வானம் மெல்ல இளஞ்சிவப்பாகும். கிழக்கே போய் நின்றால் அதே விமானங்கள் செவ்வானத்துக்கு முன் கரிய உருவங்களாகத் தெரியும். அந்த நேரத்தில் அங்கு வருபவர்களில் பலர் கைப்பேசியை மேலே தூக்குகிறார்கள். கோயில் படத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. வானமும் மேகமும் படத்தை நிறைக்கின்றன. மொட்டை மாடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் அலுவலக ஜன்னலிலும் இதே காட்சிதான். அன்றாட வாழ்வில் வானத்தைப் படம் பிடிக்கும் இந்தப் பழக்கம் நமக்கு எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது?

முதலில் அதன் வரவைச் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் குனிந்து பார்த்த அதே கருவியைக் கொண்டே தலையை நிமிர வைக்கிறது இந்தப் பழக்கம். கட்டணம் இல்லை, பயணம் இல்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் மேகங்களைப் படம் பிடிக்கத் தொடங்கியபோது இதைத்தான் காரணமாகச் சொன்னார்: மேகம் எல்லோருக்கும் பொது, அதற்கு இன்னும் வரி போடவில்லை. தன் படங்களின் சிறப்பு படத்தில் இருப்பவர்களால் வந்தது என்ற பேச்சுக்கு விடையாக, எவருக்கும் கிடைக்கும் மேகத்தையே அவர் எடுத்துக்கொண்டார். ஆக, வானம் எளிய பொருள் போலத் தோன்றினாலும் எடுப்பவரின் கண்ணைச் சோதிக்கும் பொருள்.

படம் எடுப்பது மகிழ்ச்சி தருகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஆய்வாளர் கிறிஸ்டின் டீல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 2,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஒன்பது சோதனைகள் இடம்பெற்றன. படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் எடுக்காதவர்களைவிட அந்த அனுபவத்தில் கூடுதலாக ஒன்றி மகிழ்ந்தார்கள் என்பது அதன் முடிவு. எதைச் சட்டகத்துக்குள் வைப்பது என்று தேடும் கண் உற்றுப் பார்க்கிறது. உற்றுப் பார்ப்பதில்தான் அந்த இன்பம் பிறக்கிறது.

இனி குறைகளைப் பார்ப்போம். பெரும்பாலான வானப் படங்கள் ஒன்றுபோல இருக்கின்றன. இதற்கு அறிவியலே காரணம் சொல்கிறது. மாலையில் ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு எஞ்சுகிறது. கொடும்பாளூரானாலும் கொழும்பானாலும் இதே விதிதான். எனவே நிறத்தை மட்டும் நம்பி எடுக்கும் படம் எந்த ஊருக்கும் சொந்தமாகாது. போதாக்குறைக்கு, கைப்பேசி தானாகவே நிறத்தைக் கூட்டிவிடுகிறது. போட்டோஷாப் மென்பொருளில் ஒரு வானத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை ஒட்டும் வசதியே 2020இல் வந்துவிட்டது. பார்த்த வானத்துக்குப் பதில் விரும்பிய வானத்தை வைப்பது எளிதாகிவிட்டால், நின்று பார்க்க வேண்டிய தேவையே போய்விடும்.

இரண்டாவது குறை நினைவைப் பற்றியது. ஆய்வாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட அருங்காட்சியக ஆய்வில், படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்களே மக்கள் மனதில் நன்றாக நின்றன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருங்கி எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. மேலே சொன்ன ஆய்வுக்கு இது முரண் போலத் தெரியலாம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெளிவாவது இதுதான்: கவனித்து எடுப்பவருக்குப் படம் துணை, ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எடுப்பவருக்கு அது மறதி.

மூன்றாவது குறையை எனக்கு உணர்த்தியவர், கோயிலுக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா. சித்திரை மாதத்து மாலை. அடியில் தட்டையாகவும் மேலே காலிஃபிளவர் போலப் பொங்கியும் ஒரு கார்திரள் மேகம் எழுந்திருந்தது. நான் எடுத்த படத்தைக் காட்டினேன். கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வெளிச்சத்தை மறைத்தபடி திரையைப் பார்த்தவர், “நல்லாத்தான் இருக்கு தம்பி. இது மேக்கயா, கெழக்கயா?” என்று கேட்டார். படத்தில் அதற்கு விடை இல்லை. கீழே ஒரு பனையோ கோபுரமோ தெரியாமல், மேகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தேன்.

அவர் கேட்டது அழகுக்குப் புறம்பான கேள்வி அன்று. கொடும்பாளூர் இருக்கும் புதுக்கோட்டைச் சீமை கண்மாயையும் மழையையும் நம்பிய, வானம் பார்த்த பூமி. கோடையில் மேற்கே கறுத்தால் ஒரு கணக்கு, ஐப்பசியில் கிழக்கே கறுத்தால் வேறு கணக்கு. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இதே மாவட்டத்தில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. இந்த மண்ணில் மேகம் என்பது சோறு, கடன், அச்சம், நிம்மதி எல்லாம் சேர்ந்தது. திசையும் தரையும் இல்லாத படம் இவ்வளவையும் உதறிவிட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இதற்கு மாற்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல், வானம் தெளிந்த நாள்களில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். தனியாக எடுத்துப் பார்த்தால் அந்தப் படங்களில் பல வெறும் வெள்ளை வட்டமும் சில புள்ளிகளும்தான். ஆனால் ஒரே இடம், ஒரே முறை, தேதி ஆகியவை சேர்ந்து அவற்றை நூற்றாண்டு வரலாறாக்கிவிட்டன. சூரியனின் போக்கை ஆராய்பவர்களுக்கு இன்றும் அவை பயன்படுகின்றன. மாடியில் நின்று மேகத்தை எடுப்பவர் ஆய்வாளராக வேண்டியதில்லை. அந்த ஒழுங்கில் கொஞ்சத்தைக் கடன் வாங்கினால் போதும், படங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மின்னல் தாக்கி இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் இறப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துவருகிறது. மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திறந்த வெளியிலும் மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். எந்தப் படமும் உயிரைவிடப் பெரிதில்லை.

எடை போட்டுப் பார்த்தால் என் தீர்ப்பு இந்தப் பழக்கத்தின் பக்கமே. அண்ணாந்து பார்ப்பதற்கே ஒரு காரணம் தேவைப்படும் காலத்தில், அதைக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். அதன் குறைகள் கருவியைவிட அவசரத்தில்தான் இருக்கின்றன. அவசரத்தைத் திருத்த முடியும்.

மூவர் கோயிலில் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விமானங்களை மட்டும் சட்டகத்துக்குள் வைத்துவிட்டு, இடிந்த வடக்குப் பீடத்தை வெட்டிவிடுகிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் செய்தேன். இப்போது அந்தப் பீடத்தைக் கீழே வைத்து, விமானம் இருந்திருக்க வேண்டிய உயரத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறேன். எடுத்த தேதியையும் திசையையும் படத்தோடு குறித்து வைக்கிறேன்.

உங்கள் வீட்டிலிருந்தும் ஏதோ ஒரு வானம் தெரியும். முதலில் ஒரு நிமிடம் வெறும் கண்ணால் அதைப் பாருங்கள். பிறகு கீழே கொஞ்சம் தரை தெரியும்படி ஒரே ஒரு படம் எடுங்கள், நிறத்தைத் தொடாதீர்கள். நாளையும் அதே இடத்தில் நில்லுங்கள்.