பாடும் நடிகனும் பயின்ற குரலும்

கூத்தையும் இசை நாடகத்தையும் பற்றி எழுதுவோர் மேனாட்டு ஒப்பேராவை உவமை காட்டுவது நெடுநாள் வழக்கம். இங்கும் அங்கும் பாட்டே உரையாடலாகிறது, பாடுகிறவனே நடிக்கிறான், கதை முன்னரே தெரிந்திருந்தும் கேட்போர் திரள்கின்றனர். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இவ்வொப்புமை மேடையில் தொடங்கி மேடையிலேயே முடிந்துவிடுகின்றது. மேடைக்கு வருமுன் அக்குரல் எவரிடத்து, எத்தனை ஆண்டு, எவ்வாறு பயின்றது என்னும் வினாவை நம்மவர் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்புமிடத்து, ‘தமிழரின் ஒப்பேரா’ என்ற தொடர் எவ்வளவு தளர்வானது என்பது புலனாகும்.

ஒப்பேராப் பயிற்சியின் அடிப்படை, பாத்திரத்துக்கு முன் குரல் என்பதாகும். 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் பொர்போரா என்ற ஆசிரியரிடம் பயின்ற பாரினெல்லி, 1720இல் பதினைந்து வயதில் அவை ஏறியவர். அவ்வாசிரிய மரபில் மூச்சை அடக்கி நீட்டலும், ஓருயிரொலியை மெல்லத் தொடங்கிப் பெருக்கி மீண்டும் மெலிவித்தலும் பாட்டுக்கு முற்பட்ட பாடங்களாயிருந்தன. இம்மரபின் உச்சம் மனுவேல் கார்சியா எனலாம். குரல்வளையைக் கண்ணாடி கொண்டு கண்டறிந்து 1855இல் இலண்டனில் அறிவித்த அவர், அதற்கு முன்னரே, 1841இல், பாடிப் பாடிக் குரல் சிதைந்த நிலையில் பாரிசுக்கு வந்த ஜென்னி லிண்ட் என்ற பாடகிக்கு முதலில் விதித்த பாடம் சில வாரங்கள் வாய் திறவாதிருப்பதே. பாடாதிருத்தலும் பயிற்சியின் ஒரு பகுதியெனக் கொண்ட ஆசிரியர் நம் நாடக மரபில் எத்துணைப் பேர்?

இக்கடும் பயிற்சிக்குக் காரணம் வெறும் நாகரிகமன்று. ஒலிபெருக்கியின்றி, பெருவாத்தியக் குழுவை மீறிக் குரல் கடைசி இருக்கை வரை செல்ல வேண்டும். வாத்தியக் குழுவின் ஒலி வன்மை 500 ஹெர்ட்ஸ் அளவில் மிகுந்து மேலே செல்லச் செல்லக் குறைகின்றது. பயின்ற குரலோ 3000 ஹெர்ட்ஸை அண்டிய பகுதியில் ஒளிர்கின்றது என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யொஹான் சுண்ட்பேர்க் 1970களில் விளக்கினார். அஃதாவது, அப்பாடகன் கத்துவதில்லை. வாத்தியங்கள் விட்டுவைத்த இடைவெளியினூடே குரலைச் செலுத்துகிறான். தொண்டையின் வலிமையன்று, தொண்டையின் வடிவமே அங்கு பயிற்றப்படுவது.

தமிழ் நாட்டின் பாலர் நாடக சபைகளை இதனோடு வைத்து நோக்குதல் தகும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடக்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் ஆறு வயதிற் சேர்ந்த தி. க. சண்முகம், தமது ‘எனது நாடக வாழ்க்கை’யில் (1972) அவ்வுலகை விரிவாகப் பதிவு செய்துள்ளார். அங்கு பாடமே முதல்; பாட்டு, வசனம், பாத்திரம் ஆகிய மூன்றும் ஒருசேர மனனமாயின. நினைவாற்றலையும் தாளத்தையும் மேடைத் துணிவையும் அச்சபைகள் ஊட்டிய அளவுக்குப் பிற்காலத்துக் கலைக்கூடம் எதுவும் ஊட்டியதில்லை என்பதை மறுத்தற்கில்லை. ஆனால், ‘மகரக்கட்டு’ என்றொரு சொல் அவர்கள் வழக்கிலிருந்தது. பருவமெய்தும் சிறுவனின் குரல் உடைவதை அது குறித்தது. நேற்றுவரை இராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கொண்டாடப்பட்டவன், மகரக்கட்டு வந்ததும் மதிப்பிழந்தான். உடைந்த குரலை மறுபடி கட்டி எழுப்பும் முறை சபையிடம் இல்லை; அடுத்த சிறுவன் ஆயத்தமாயிருந்தான்.

இதைக் கூறி மேனாட்டை உயர்த்துவதும் நேர்மையாகாது. பாரினெல்லியின் குரல் உடையாதிருந்ததன் காரணம் பொர்போராவின் பாடமன்று. சிறுவரின் உடலைச் சிதைத்த கத்தியே. அக்கொடிய வழக்கின் கடைசிப் பாடகரெனப்படும் மொரெஸ்கி இறந்ததும், சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்ததும் ஒரே ஆண்டில், 1922இல். சிறுவனின் குரலைச் சுவைத்த இரு சமூகங்களுள் ஒன்று அதைச் செயற்கையாக நிறுத்தி வைத்தது. மற்றொன்று தீர்ந்ததும் எறிந்தது. எது குறைந்த கொடுமை என்பது எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று.

செங்கோட்டை கிட்டப்பா (1906-1933) இங்கு எதிர்ச்சான்றாகக் காட்டப்படுவதுண்டு. மேடையையே பள்ளியாகக் கொண்ட அவர் உச்ச சுருதியில் ஒலிபெருக்கியின்றிப் பாடி மக்களை ஈர்த்தார். ஈழத்தில் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கேட்க மக்கள் விடியும்வரை அமர்ந்திருந்தனர். ஆயின் பெருங்கலைஞர் இருவர் தோன்றியமை முறையின் வெற்றியாகாது. முறை என்பது நடுத்தரத் திறனுடையவனையும் கரையேற்றுவது.

கிழக்கிலங்கையின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் நிலைமை வேறு. சட்டம் கொடுத்தல் முதல் சதங்கை அணிதல், அரங்கேற்றம் வரை அண்ணாவியார் மாதக் கணக்கில், இரவிரவாக, திறந்த வெளியில் பழக்கினார். குரற்பயிற்சி என்று தனியே ஒன்றுமில்லை. எனினும் அந்த இரவுகளே குரலைப் பயிற்றின. ஆடிக்கொண்டே பாடுபவனின் அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடும்போது அவன் மூச்சைத் திரும்பப் பெறுகிறான். கூத்தின் நீளம், பிற்பாட்டு, வட்டக்களரியின் நாற்புறச் சபை ஆகிய யாவும் குரலோடு தொடர்புடைய உறுப்புகள்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962) முதலாகத் தயாரித்த கூத்துகள் நமது அரங்கியலின் பெரும் பேறு. கூத்து, கற்றோரின் மதிப்பைப் பெற்றது அவராலேயே. ஆனால் விடிய விடிய ஆடியதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குள் நிறுத்தியபோது ஆட்டம் செம்மையுற்றது, பாட்டு இளைத்தது. இதை விமர்சகர் அதிகம் பேசவில்லை. வித்தியானந்தனுக்குக் கிடைத்தவர் ஊர்க் களரியிற் பழகிய அண்ணாவிமாரும் அம்மரபறிந்த மாணவருமாவர். ஆகவே குறை தெரியவில்லை. அவரைப் பின்பற்றியோர் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். சில வாரப் பழக்கமும் ஒலிவாங்கியும் அண்ணாவியாரின் இடத்தை நிரப்பின. இன்று பல்கலைக்கழக மேடைகளிற் கேட்கும் கூத்துப் பாட்டு பெரும்பாலும் தாளம் பிசகாத கத்தலாயிருப்பதன் காரணம் இதுவே.

ஒலுவில் போன்ற கரையோர முஸ்லிம் ஊர்களில் இவ்வினா இன்னொரு முகங் கொள்கின்றது. இங்கு களிகம்பு உண்டு. பெண்களின் கவி உண்டு. தாயிரா தட்டிப் பாடும் பக்கீர் பாவாக்கள் உண்டு. எனினும் குரலுக்கு மிக நுட்பமான பயிற்சி கிடைப்பது இவற்றிலன்று, மத்ரஸாவிலேயே. அடித்தொண்டை, நடுத்தொண்டை, மேற்தொண்டை என எழுத்துப் பிறக்கும் இடங்களைப் பிரித்தறிந்து, இரண்டு, நான்கு, ஆறு என்று நீட்டலை அளந்து, நிறுத்துமிடம் அறிந்து மூச்சை விடுதற்கு ஐந்து வயதுப் பிள்ளை பழகுகின்றது. பிழைபட்ட ஓரொலியைக் கேட்ட மாத்திரத்தே லெப்பை திருத்துகிறார். ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையையும் தனித்தனியே கேட்கிறார். கார்சியா செய்ததும் அதுவன்றி வேறில்லை. ஓதல் இசையன்று, அதை இசையெனக் கொள்வதை மார்க்கம் ஒப்பாது. ஆயினும் அப்பயிற்சி பெற்ற நா இசைக்கு வந்தால் என்னவாகும் என்பதை எகிப்து காட்டியது. இமாம் ஒருவரின் மகளாய்ப் பிறந்து, ஓதக் கற்று, சிறுவன் உடையணிந்து சமய வைபவங்களிற் பாடத் தொடங்கியவரே உம்மு குல்தூம் (மறைவு 1975). அவருடைய உச்சரிப்பின் தெளிவுக்கு மூலம் அவ்வோதலே என்று அந்நாட்டார் கூறுவர். பாட்டைப் பற்றிய தயக்கம் நமது ஊர்களில் எளிதில் நீங்கப்போவதில்லை. அதை இகழ்ந்து பேசுவதும் பொருந்தாது. ஆனால் கூத்துப் பாட்டின் தெளிவின்மையைப் பற்றி ஆராய்வோர் மத்ரஸாவின் பயிற்று முறையைக் கவனியாது விடுவது அறியாமையன்றி வேறென்ன?

இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்து ஒப்பேராவிற் புகழீட்டியோரும் உளர். பறங்கியர் மரபில் மெல்பேணிற் பிறந்த டானியேல் டி நீஸ், நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கின் இளங்கலைஞர் பயிற்சியிற் சேர்ந்து, 1998இல், பத்தொன்பது வயதில், மொசார்ட்டின் ‘பிகாரோவின் திருமணம்’ ஒப்பேராவில் பார்பரினாவாகத் தோன்றினார். பார்பரினாவுக்கு உரியது ஒரு சிறு பாட்டே. அமெரிக்காவிற் பிறந்த ஷோன் பணிக்கர் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பயின்று, சான் பிரான்சிஸ்கோ அரங்கின் பயிற்சிக் கலைஞராயிருந்து, பின்னரே பெரும் பாத்திரங்களுக்கு வந்தார். வளரும் குரலுக்குச் சிறு பாத்திரம் கொடுத்துக் காத்திருப்பது அங்குள்ள வழக்கம். பாலர் சபையோ, நல்ல குரல் கிடைத்த அன்றே அதன்மீது முழு இரவையும் ஏற்றியது. நமது பல்கலைக்கழக மேடையோ முதலாண்டு மாணவனுக்குக் கர்ணனைக் கொடுத்து, நான்காம் வாரத்தில் அவனை அரங்கேற்றி, ஐந்தாம் வாரத்தில் மறந்துவிடுகின்றது.