ஆயிரம் பெட்டிகளும் ஒரு சாப்பாட்டு மேசையும்

எத்தனையோ கம்பெனிகளின் கதைகளைப் படித்திருக்கிறேன். எதுவும் என்னை இப்படி ராத்திரி முழுக்க உட்காரவைத்ததில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஓர் ஏரிக்கரைச் சிற்றூர். அங்கே டான் கே என்பவருடைய வீட்டுச் சாப்பாட்டு அறைதான் அலுவலகம். மரப்பலகை போலத் தோன்றும் தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே மூன்று மெல்லிய புத்தகங்கள், விலை 10 டாலர். 1974 ஜனவரியில் வந்த அந்த 1,000 பெட்டிகளையும் கையாலேயே அடுக்கி மூடினார்கள். பெட்டியின் மேல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயர். இன்று உலகமெங்கும் ஆடப்படும் கதாபாத்திர மேசை விளையாட்டுகளின் வணிகம் அந்த மேசையிலிருந்துதான் கிளம்பியது.

புனேயில் ஏரவாடாவில் இருக்கிறேன். காமர்ஸோன் வளாகத்தில் வேலை பார்க்கும் நண்பர்களும் நானும் வாராவாரம் டெக்கான் கல்லூரிப் பக்கமுள்ள ஒரு வீட்டில் கூடி இதை ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார், அவரை டி.எம். என்போம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். பூட்டிய கதவை உடைக்க முடிந்ததா, அறுந்த பாலத்தைத் தாண்ட முடிந்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாட்டியோடு தாயம் ஆடி வளர்ந்தவன் நான். காய்கள் எல்லாம் பழமாகிவிட்டால் அங்கே ஆட்டம் முடிந்தது. இங்கே ஆட்டம் முடியவே வேண்டியதில்லை. தமிழும் மராத்தியும் இந்தியும் கலந்து ஒலிக்கும் அந்த மேசையை விட்டு எழுந்திருக்க மனமே வராது.

இதை ஒரு வியாபாரியின் கண்ணோடு பாருங்கள். ஐந்து பேருக்கு ஒரு பெட்டி போதும். ஒருமுறை வாங்கினால் வருஷக்கணக்கில் ஆடலாம். பலகை கிடையாது, தொலைந்துபோனால் மறுபடி வாங்கக் காய்களும் கிடையாது. போதாததற்கு, மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள், எங்களை எதற்குக் கேட்கிறீர்கள் என்ற தொனியில் அந்தப் புத்தகங்கள் முடிகின்றன! வாங்கியவரைத் திரும்ப வரவேண்டாம் என்று அனுப்பிவைக்கும் சரக்கு எப்படி ஒரு தொழிலாக நின்றது? வாங்கியவர்களே எழுதவும் அச்சிடவும் விற்கவும் கிளம்பினார்கள். இந்த வரலாற்றில் நான் மயங்கிக் கிடப்பது அதற்காகத்தான்.

தொடங்கியவர்களிடமும் காசு இல்லை. கேரி கைகாக்ஸ் சிகாகோவில் காப்பீட்டு நிறுவன ஊழியர். 1970இல் வேலை போனது. அதன் பிறகு வீட்டு நிலவறையில் செருப்பு தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1968இலேயே லேக் ஜெனீவாவில் 50 டாலர் வாடகைக்கு ஒரு மண்டபம் பிடித்துப் போர் விளையாட்டுப் பிரியர்களைக் கூட்டியவர் அவர். அந்தக் கூட்டம்தான் இன்றும் நடக்கிற ஜென் கான். மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்ற இளைஞர், கைகாக்ஸின் ‘செயின்மெயில்’ போர் விதிகளை எடுத்துத் பிளாக்மூர் என்ற தன் கற்பனை உலகத்தில் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் யோசனையும் சேர்ந்து ஒரு புது ஆட்டமானது. அதை வெளியிடப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. ஆகவே 1973 அக்டோபரில் கைகாக்ஸும் அவருடைய பால்ய நண்பர் டான் கேயும் டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அச்சுக்கூலிக்குப் பணம் போதவில்லை. பிரையன் புளூம் 2,000 டாலரோடு பங்காளியாக வந்தார். முதல் ஆயிரமும் ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தது.

பகடைகளின் கதை தனி விருந்து. நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகப் பகடைகளை அப்போது எந்த விளையாட்டுக் கடையிலும் வாங்க முடியாது. பள்ளிக்கூடத்தில் வடிவியல் சொல்லித்தர விற்ற பிளாஸ்டிக் வடிவங்களை, கல்விச் சாதன விலைப்பட்டியல் ஒன்றில் பார்த்து, கலிபோர்னியாவிலிருந்து தருவித்தார்கள். இருபது முகத்தில் 0 முதல் 9 வரை இரண்டு தடவை இருக்கும். பாதி முகங்களுக்கு வேறு நிறம் கிரேயானால் தீட்டி 1 முதல் 20 வரை என்று பிரித்துக்கொண்டார்கள். மெத்தென்ற பிளாஸ்டிக், உருட்ட உருட்ட மூலை தேய்ந்துவிடும். 1979இல் ஆட்டம் பிய்த்துக்கொண்டு விற்றபோது பகடை கிடைக்காமல், பெட்டிக்குள் எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளைப் போட்டு அனுப்பினார்கள். குவளையில் போட்டுக் குலுக்கி எடுக்கவேண்டியது. அந்தத் துண்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

இனி வாங்கியவர்களைப் பாருங்கள். அரிசோனாவில் கென் செயின்ட் ஆண்ட்ரே புத்தகத்தைப் படித்தார். விதிகள் பிடிபடவில்லை, விசித்திரப் பகடையும் கைக்கு எட்டவில்லை. சாதாரண ஆறு முகப் பகடையே போதும் என்று 1975இல் ‘டன்னல்ஸ் அண்ட் டிரோல்ஸ்’ எழுதி 100 பிரதி அச்சடித்தார். இரண்டாவது ஆட்டம் பிறந்துவிட்டது. லண்டனில் ஒரு வாடகை வீட்டிலிருந்து கேம்ஸ் வொர்க்‌ஷாப் நடத்திய மூன்று நண்பர்களுக்கு அதே ஆண்டு ஆறே ஆறு பெட்டி வாங்கத்தான் வசதி இருந்தது. அந்த ஆறை நம்பி ஐரோப்பா முழுவதற்குமான விற்பனை உரிமையையே லேக் ஜெனீவாக்காரர்கள் தூக்கிக் கொடுத்தார்கள்! பின்னர் வீட்டுக்காரர் வெளியேற்றிவிட, மூவரில் இருவரான ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் கொஞ்ச காலம் வேனில் குடியிருந்தார்கள். 1982இல் அந்த இருவர் எழுதிய, வாசகரே ஆடும் கதைப் புத்தகம்தான் ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’. இல்லினாயில் ஜட்ஜஸ் கில்ட் என்ற சிறு நிறுவனம் 1976இல் தயார்நிலைச் சாகசக் கதைகளை விற்கத் தொடங்கியது. கதையைக்கூடவா காசு கொடுத்து வாங்குவார்கள் என்று லேக் ஜெனீவாக் கம்பெனி நினைத்திருந்தது. வாங்கினார்கள், அள்ளி அள்ளி. 1978இல் அந்தக் கம்பெனியும் அதே வழியில் இறங்கியது.

டான் கேயை நினைத்தால் மட்டும் தொண்டை அடைக்கிறது. 1975 ஜனவரி 31 அன்று மாரடைப்பில் போனார், வயது 36. முதல் வெற்றியின் வாசலில் நின்ற மனிதர். அவர் பங்கை வாங்கக் கைகாக்ஸிடம் பணமில்லை. புளூம் குடும்பத்துப் பணம் உள்ளே வந்தது. பத்தாண்டு கழித்து, 1985இல் கைகாக்ஸ் தன் கம்பெனியின் பிடியை இழந்ததற்கு வேர் அந்த ஜனவரியில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இடையில் ஆர்னசன் 1979இல் உரிமைத்தொகை கேட்டு வழக்குப் போட்டார், 1981இல் சமரசம். 1997இல் நொடித்துப்போன கம்பெனியை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. கணக்குகளையும் கடிதங்களையும் தோண்டி ஜான் பீட்டர்சன் எழுதிய ‘கேம் விசர்ட்ஸ்’ (2021) 1985 வரையிலான கதையை வரி வரியாகச் சொல்கிறது. நாவல்போல ஓடும், கட்டாயம் படியுங்கள்.

புதிய உரிமையாளர்கள் 2000இல், மற்றவர்களும் இந்த விதிகளை வைத்து எழுதி விற்கலாம் என்று உரிமம் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் அதை மாற்றப் பார்த்தபோது ஆடுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கம்பெனி பின்வாங்கி, அடிப்படை விதிகளையே கிரியேட்டிவ் காமன்ஸில் பொதுவாக்கிவிட்டது. 1974இல் எழுதாமல் கொடுத்த அனுமதி இப்போது சட்டப்படியே கையில் இருக்கிறது.

எங்கள் டி.எம். ஒரு மராத்திப் பெண். பேஷ்வா காலத்து ‘வாடா’ என்னும் மாளிகை ஒன்றின் நிலவறையை வைத்து அவர் எழுதிய சாகசத்தை ஆடி முடித்த இரவு நான் தூங்கவில்லை. அதை மராத்தியிலும் தமிழிலும் கொண்டுவர வேலை நடக்கிறது. தமிழ் என் பொறுப்பு. சதாசிவ் பேட்டை அச்சகங்களில் விலை விசாரித்தாயிற்று. முதலில் 100 பிரதி போடுகிறோம், செயின்ட் ஆண்ட்ரே போட்ட அதே எண்ணிக்கை.