‘பார்ட் டைம்ல பாத்துக்கலாம்’: வெளிநாட்டுப் படிப்புக் கையேடுகளை வாசித்தல்

புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி பக்கம் கல்யாண மண்டபங்களில் நடக்கிற ‘வெளிநாட்டுக் கல்வி’ கூட்டங்களில் கொடுக்கும் துண்டறிக்கைகளையும், வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப் கையேடுகளையும் கொஞ்ச காலமாகச் சேர்த்து வருகிறேன். இவற்றை யாரும் ஒரு எழுத்தாக மதித்து விமர்சிப்பதில்லை. ஆனால் கீரமங்கலத்திலோ வடகாட்டிலோ ஒரு குடும்பம் நிலப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போவதற்கு முன் கடைசியாக வாசிக்கிற தமிழ் உரைநடை இதுதான். 2018 கஜா புயலில் தென்னை போன குடும்பங்கள் அங்கே நிறைய. அப்படிப்பட்ட நிலத்தின் பேரில் வாங்கும் கடனுக்கு வழிகாட்டும் எழுத்தை நாம் கொஞ்சம் கறாராக வாசிக்க வேண்டும். பெயர்களைத் தவிர்க்கிறேன். என் விமர்சனம் ஒரு நிறுவனத்தின் மேல் இல்லை, இந்த எழுத்துவகையின் மேல்.

எல்லாக் கையேட்டிலும் ஒரு வாக்கியம் வந்துவிடுகிறது: ‘பகுதிநேர வேலை பார்த்தே செலவைச் சமாளிக்கலாம்.’ எந்தச் செலவு, எத்தனை மணி நேரம், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு என்று எதுவும் அதில் கிடையாது. பக்கத்தில் ஒரு பெருக்கல் கணக்கு மட்டும் இருக்கும்: மணிக்கு இவ்வளவு யூரோ, வாரம் 20 மணி, ரூபாயில் இவ்வளவு. அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. வாரம் 20 மணி என்றால் மாதம் சுமார் 1,111 யூரோ. வருமான வரியைப் பார்த்தால் ஆச்சரியம்தான். ஆண்டுக்கு 12,096 யூரோ வரை வரி இல்லை. வேலை பார்ப்பவருக்கு அதற்கு மேல் 1,230 யூரோ கழிவு உண்டு. இந்த மாணவரின் ஆண்டு வருமானம் 13,330 யூரோவுக்குப் பக்கம். ஆக வரி கிட்டத்தட்ட பூஜ்யம். மாதாமாதம் ஏதாவது பிடித்திருந்தாலும், கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும். நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது.

கையேடுகள் ‘வரி பிடிப்பார்களே’ என்ற கேள்விக்கு அரைப் பக்கம் ஒதுக்கிவிட்டு, காப்பீட்டை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பணம் போகிற இடம் அதுதான். மாணவராகப் பதிந்து வேலை பார்ப்பவரை அங்கே ‘வெர்க்ஸ்டுடென்ட்’ என்பார்கள். அவர் சம்பளத்திலிருந்து மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்க மாட்டார்கள், ஓய்வூதியத்துக்குப் பிடிப்பார்கள்; இந்த அளவு சம்பளத்தில் அது முழு 9.3 சதவீதத்தைவிடக் குறைவு. அதில் சுமார் 71 யூரோ போகும். மருத்துவக் காப்பீட்டை மாணவர் கட்டணத்தில் அவரே கட்ட வேண்டும். பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்து மாதம் 140 யூரோவுக்குச் சற்று மேலே. மாணவர் விசாவுக்கு ஜெர்மன் அரசு கேட்கும் முடக்கக் கணக்குத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. அந்த 992க்குள் காப்பீட்டுச் செலவும் அடக்கம். 1,111இல் 71 போக 1,040. 992ஐக் கழித்தால் மிச்சம் 48 யூரோ. பரீட்சை வாரத்திலும் காய்ச்சல் வாரத்திலும் விடாமல், 52 வாரமும் வேலை கிடைத்தால்தான் இந்த 48கூட. இதில் தனியார் பல்கலைக்கழகக் கட்டணம் ஏது, ஊர்க் கடனின் வட்டி ஏது?

‘சமாளிக்கலாம்’ என்பது முழுப் பொய்யும் இல்லை. சாப்பாட்டையும் வாடகையையும் சமாளிக்கலாம், கடனைச் சமாளிக்க முடியாது. கையேடு இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் அடைக்கிறது. வாசிக்கிற அப்பாவுக்குக் காதில் விழுவது இரண்டாவது அர்த்தம்.

அடுத்து ‘காப்பீடு’ என்ற சொல். நம்ம ஊரில் அதற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என்றுதான் பொருள். பிரீமியத்தை அரசு கட்டும், அட்டை பீரோவில் இருக்கும், ஆஸ்பத்திரியில் சேரும்போது எடுத்துக் காட்டுவோம். இந்த அனுபவத்தோடு வாசிப்பவருக்கு ‘காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்பது ஒருமுறை செய்யும் காகித வேலை மாதிரித்தான் தெரியும். ஒரு கையேடு ‘மலிவான தனியார் பாலிசி போதும், நாங்களே எடுத்துத் தருகிறோம்’ என்கிறது. ஜெர்மனியில் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கித் தனியாருக்குப் போய்விட்டால், படிப்பு முடியும் வரை அந்த விலக்கைத் திரும்பப் பெற முடியாது. இதை அந்தக் கையேடு சொல்லவே இல்லை. மாணவர் கட்டணம் பொதுவாக 30 வயது வரைதான் என்பதும் இல்லை. இங்கே சில வருடம் வேலை பார்த்துக் கடன் அடைத்துவிட்டு 31இல் கிளம்புகிற இஞ்சினியர்கள் நம்ம பக்கம் குறைவா என்ன?

பிரிட்டனில் அமைப்பே வேறு. விசாவோடு சேர்த்து மாணவர் ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். 2015இல் இது 150 பவுண்டுதான். 2024 பிப்ரவரி வரை 470. நான் பார்த்த ஒரு பிடிஎஃப் இன்னும் 470இலேயே நிற்கிறது. ஓராண்டுக்கு 306 பவுண்டு வித்தியாசம், படிப்புக் காலம் நீள நீளக் கூடும், அதையும் கிளம்புவதற்கு முன்பே கட்ட வேண்டும். வரி அங்கேயும் பெரிய விஷயம் இல்லை. ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி கிடையாது. செப்டம்பரில் போகிறவர் ஏப்ரல் 5இல் முடியும் வரி ஆண்டுக்குள் பகுதிநேர வேலையில் அந்த அளவைத் தொடுவதே கஷ்டம். ஆனால் இரண்டு கடையில் வேலை பார்த்தால் இரண்டாவது சம்பளத்தில் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிக்கலாம். அதைத் திரும்பக் கேட்க உரிமை உண்டு. இதை ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனை பையன்கள் பணத்தை விடாமல் இருந்திருப்பார்கள்!

அமெரிக்கப் பகுதிதான் எனக்கு மிகவும் ஏமாற்றம். பொதுவான ஆங்கிலக் கையேடுகளை அப்படியே பெயர்த்துவிட்டு ‘வெளிநாட்டு மாணவருக்கு நிலையான கழிவு கிடையாது’ என்று எழுதுகிறார்கள். மற்ற நாட்டவருக்கு அது சரி. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு இந்திய மாணவருக்கு அந்தக் கழிவைத் தருகிறது. 2024 கணக்கில் அது 14,600 டாலர். தமிழ் வாசகருக்கென்றே எழுதிய கையேடு, இந்தியருக்கென்றே இருக்கும் சலுகையை இல்லை என்று சொல்வதை என்னவென்பது?

எல்லாவற்றையும் விடப் பெரிய மௌனம் இந்தியப் பக்கத்தில். ‘போயாச்சுன்னா நீங்க என்ஆர்ஐ, இங்க ஒண்ணும் இல்ல’ என்பது கூட்டங்களில் கேட்கும் வசனம். அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு இது சரி. படிக்கப் போகிறவரையும் வெளிநாட்டில் வசிப்பவராகக் கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2003இல் சுற்றறிக்கை விட்டது. வருமான வரிச் சட்டம் நாள் கணக்கு பார்க்கிறது. செப்டம்பரில் கிளம்பியவர் அந்த நிதியாண்டில் 60 நாளுக்கு மேல் இங்கே இருந்திருப்பார், முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளுக்கு மேல் இருந்திருப்பார். வேலைக்குப் போகிறவருக்கு அந்த 60ஐ 182 ஆக்கும் சலுகை உண்டு. படிக்கப் போகிறவரை அந்த வாசகம் குறிப்பிடவில்லை. ஆகவே முதல் ஆண்டில் அவர் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்பட வாய்ப்பு அதிகம். வரி கட்ட வேண்டியிராது. ஆனால் வெளிநாட்டு வங்கிக் கணக்கைக் காட்டி ரிட்டர்ன் போட வேண்டிவரும். அசையாச் சொத்து தவிர்த்து 20 லட்சம் வரை இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து அபராதம் இல்லை என்பதால் பயப்பட வேண்டாம். தெரிந்திருந்தால் போதும்.

அனுப்புகிற பணத்திலும் ஒரு பிடித்தம் இருக்கிறது. 2025-26 கணக்கில், கல்விக்காக ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம் அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு 5 சதவீதம் வங்கி பிடிக்கும். வங்கிக் கல்விக் கடனுக்கு இது இல்லை. சாதாரண நகைக்கடன் கல்விக் கடன் கணக்கில் வராது. நகையை வைத்து 15 லட்சம் அனுப்பினால் 25,000 ரூபாய் பிடித்தம். ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும், ஆனால் விவசாய வருமானம் மட்டும் உள்ளவர் ரிட்டர்ன் போட்டதே இருக்காது.

நம்ம மாவட்டத்துக்கு வெளிநாடு புதுசு இல்லை. சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போகிற தொழிலாளிக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர் மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும்; 2023 ஜூலையிலிருந்து இது சட்டம். சித்தப்பா அப்படிப் போனவர். அவர் தம்பி மகனிடம், ‘அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்டா’ என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். மாணவனுக்குக் கம்பெனி கிடையாது, அவனேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை எந்தக் கையேடும் விளக்கி நான் பார்க்கவில்லை. தொழிலாளர் இடம்பெயர்வின் அனுபவ அறிவு மாணவர் இடம்பெயர்வுக்குத் தப்பான வழிகாட்டியாகிவிடுகிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விசா விண்ணப்பம், சான்றிதழ், சேர்க்கைத் தேதிகள் பற்றி இக்கையேடுகள் சுத்தமான, எளிய தமிழில் எழுதுகின்றன. பத்தாவது படித்த அம்மாவும் புரிந்துகொள்ளும் நடை அது. எழுதத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள். தங்களுக்குக் கமிஷன் முடிகிற இடத்தில் அந்த எழுத்தும் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு நல்ல கையேடு நான்கு பக்கம் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். கூலியை மொத்தமாகவும் பிடித்தம் போகவும் இரண்டு வரியில் காட்ட வேண்டும். காப்பீடு யார் கட்டுவது, எந்த வயது வரை, விட்டால் திரும்ப வரலாமா என்று சொல்ல வேண்டும். திரும்பக் கேட்கக்கூடிய வரி எது, கடைசித் தேதி எது என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டு போட்டிருக்க வேண்டும்; நான் மேலே தந்தவையும் மாறும். அதுவரை, மண்டபத்துக்குப் போகிறவர்கள் கேள்வி நேரத்தில் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘இன்சூரன்ஸும் பிடித்தமும் போக மாசம் கையில எவ்வளவு நிக்கும், அதை எழுதித் தருவீங்களா?’