புள்ளிராஜாவின் ராணி

2003 வாக்கில் தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தன. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' யார் இந்தப் புள்ளிராஜா, எந்த ஊர், என்ன உத்தியோகம்? ஒன்றும் சொல்லாமல் முதலில் கேள்வியை மட்டும் உலவ விட்டார்கள். டீக்கடை, காலேஜ் கேன்டீன், கல்யாணப் பந்தி என்று எங்கும் அதே பேச்சு. நண்பர்களைக் கிண்டலடிக்க ஒரு புதுப் பெயர் கிடைத்தது.

இவருக்கு மும்பையில் ஓர் அண்ணன் உண்டு. பெயர் பல்பீர் பாஷா. 2002 கடைசியில் அங்கே 'பல்பீர் பாஷாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று போஸ்டர் ஒட்டினார்கள். பாஷா பொதுவாக ஜாக்கிரதையான ஆள்தான். ஆனால் குடித்துவிட்டால் ஆணுறை மறந்துபோகும். ஒரே பெண்ணிடம்தான் போவார். ஆனால், அந்தப் பெண்ணிடம் வேறு பலரும் வருவார்கள். உபதேசம் பண்ணாமல், ஒரு கதாபாத்திரத்தின் நொண்டிச்சாக்குகளை வைத்தே கதை சொன்னது நல்ல உத்தி.

விளம்பரமாகப் பார்த்தால் புள்ளிராஜாவுக்கு டிஸ்டிங்ஷன் கொடுக்கலாம். மண்டையோட்டைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். வீட்டில் உச்சரிக்கக் கூசிய வார்த்தையை டி.வி. முன்னால் குடும்பத்தோடு கேட்க வைத்ததே சாதனை. பலனும் இருந்தது. 2001-ல் தமிழகக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் ஹெச்.ஐ.வி. இருந்தது. சமீப வருடங்களில் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. புள்ளிராஜா மட்டுமே காரணம் இல்லை. பாலியல் தொழிலாளர்களிடமும் லாரி டிரைவர்களிடமும் நேரில் போய்ப் பேசியவர்கள், இலவச மருந்து, நம்பிக்கை மையங்கள் எல்லாம் சேர்ந்த வெற்றி அது.

அப்புறம் ஏன் இத்தனை வருஷம் கழித்து அந்த மனிதரை வம்புக்கு இழுக்கிறேன்? ஒரு பையனால்.

* * *

தூரத்து உறவு. வயசு 26. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அடுத்த மாசம் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வந்தவன், கிளம்பும்போது வாசலில் நின்று, "சித்தப்பா, ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான்.

காலேஜில் ஒரு பெண்ணோடு பழக்கம். பிரிந்து நாலு மாசம். அப்போதிலிருந்தே சிறுநீர் போனால் எரிச்சல், கொஞ்சம் சீழ். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாலு மாத்திரை போட்டானாம். குறைந்தது, மறுபடி வந்தது.

"ஆனா பயம் இல்ல சித்தப்பா. போன வாரம் டெஸ்ட் எடுத்துட்டேன். எய்ட்ஸ் இல்ல. அப்ப ஒண்ணும் இல்லதானே?"

இந்த 'அப்ப ஒண்ணும் இல்லதானே'தான் புள்ளிராஜா மீது என் விமர்சனம். விளம்பரம் ஓடியபோது இவன் சின்னக் குழந்தை. இருந்தும் அந்தக் கேள்வி இவன் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எய்ட்ஸ் வருமா, வராதா? வராது என்றால் பாஸ். மேகவெட்டை, கிரந்தி, கிளமிடியா, ஹெர்ப்பிஸ் எல்லாம் சிலபஸிலேயே இல்லை. உலகத்தில் தினமும் புதிதாக வரும், மருந்தில் குணமாகக்கூடிய பால்வினைத் தொற்றுகளே 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போதாக்குறைக்கு, இவற்றில் பல, ஹெச்.ஐ.வி. சுலபமாக உள்ளே வர வழி செய்து கொடுக்கின்றன.

அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பால்வினை நோய்ப் பிரிவு என்ற போர்டைப் பார்த்ததும் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டான். டாக்டர் அம்மா முகம் சுளிக்கவில்லை. பரிசோதித்து, ரத்தம் எடுக்கச் சொல்லி, சாம்பல் நிறப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தார். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் முறை இது. அறிகுறிக்கு ஒரு நிறம். எல்லாம் இலவசம்.

"கடையில குடுத்த மாத்திரை இப்பல்லாம் இந்தக் கிருமியை அசைக்காது தம்பி. சரி, அந்தப் பொண்ணையும் வரச் சொல்லு."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லாத்தான் இருக்கா."

"அதான்ப்பா பிரச்னையே."

ஆணுக்கு எரியும், சீழ் வரும், ஓடி வருவான். பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. தொற்று சத்தமில்லாமல் கர்ப்பப்பைக்கு ஏறி, கருக்குழாயை அடைத்துவிடலாம். பல வருஷம் கழித்துக் குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாக அலைவாள். 'மலடி' பட்டம் அவளுக்கு. கிருமியைக் கொடுத்தவனுக்கு ஒரு பட்டமும் கிடையாது.

அந்தப் பெண்ணுக்கும் வரன் பார்க்கிறார்களாம். வெளியே வேப்பமரத்தடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றான். கடைசியில் பேசினான். அவள் அழுததும் திட்டியதும் எனக்கே கேட்டது. இரண்டு நாள் கழித்து அக்காவோடு வந்து பார்த்துவிட்டுப் போனாளாம். என்னைக் கேட்டால், அவன் இதுவரை செய்ததிலேயே ஆண்மையான காரியம் அந்த போன்கால்தான்.

* * *

நம் சினிமா இந்த விஷயத்தில் விளம்பரத்தைவிட மோசம். 2007-ல் வந்த 'மிருகம்' படத்தில் முரட்டு அய்யனார் ஆடித் தீர்த்து, எய்ட்ஸில் அணு அணுவாகச் செத்தான். தைரியமான படம்தான். ஆனால் நோய் அதில் ஒரு தண்டனை. தண்டனை என்று நம்புகிறவன் டாக்டரிடம் போவானா? ஒளித்துத்தான் வைப்பான். அதே 2007-ல், பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி வேண்டாம் என்று மகாராஷ்டிரா, கர்நாடகா உட்படப் பல மாநிலங்கள் நிறுத்தின. கலாசாரம் கெட்டுவிடுமாம். பாடத்தை நிறுத்தலாம், பருவத்தை நிறுத்த முடியுமா?

ஆணுறை வாங்கினால் இன்றைக்கும் கறுப்பு கவரில் சுற்றித்தான் தருகிறார்கள். எரிச்சல் என்று போனால் சீட்டில்லாமல் மாத்திரை தருகிறார்கள். வெட்கப்பட வேண்டியதற்கும் வெட்கப்படக் கூடாததற்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

யாராவது புள்ளிராஜாவை மறுபடி சுவருக்குக் கொண்டுவந்தால் ஒரு விண்ணப்பம். 'எய்ட்ஸ் வருமா?' போதும். 'புள்ளிராஜா டாக்டரைப் பார்த்தாரா? மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டாரா? ராணியிடம் சொன்னாரா?' என்று கேளுங்கள்.

ராணிக்கு ஒரு பெயரும் வையுங்கள். அந்தக் கேள்வியில் அவள் இல்லவே இல்லை.