காற்றுக் கோபுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமா?

'அமீரக மரபில் ஒரு பசுமை வீடு' என்று கூகுளில் தேடினால் வரும் படங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். வெள்ளை வில்லா, அதன் மூலையில் ஒரு சதுரக் கோபுரம், ஜன்னலில் துளை போட்ட திரை, வாசலில் நாலு பேரீச்ச மரம், மொட்டை மாடியில் சோலார் பேனல். மரபும் வந்தாச்சு, பசுமையும் வந்தாச்சு. என் புகார் இந்தக் கோபுரத்தின் மேல்தான்.

முதலில் அது என்ன வேலை செய்தது என்று பார்ப்போம். பர்ஜீல் எனப்படும் காற்றுக் கோபுரம் நாலு பக்கமும் திறந்தது. உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்குச் சுவர்கள் இருக்கும். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் ஒரு பக்கம் அதைப் பிடித்துக் கீழே இறக்கும், எதிர்ப்பக்கம் அறையின் சூட்டை மேலே இழுக்கும். கீழே உட்கார்ந்திருப்பவர் மேல் காற்று படும், வியர்வை காயும், அவ்வளவுதான். துபாய் கடலோர ஊர். கோடையில் காற்றிலேயே ஈரம் அதிகம். அதனால் பாலைவன உள்நாட்டில் செய்வது போலத் தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைக்கும் வித்தை இங்கே பெரிதாக எடுபடாது. பர்ஜீலை 'அந்தக் கால ஏசி' என்பதைவிட 'அந்தக் கால ஃபேன்' என்பதே சரி.

அடுத்த கேள்வி, அது யார் வீட்டில் இருந்தது? துபாயின் அல் ஃபஹீதி பகுதியில் இன்று நாம் பார்க்கும் கோபுர வீடுகள் பெரும்பாலும் வணிகர்களுடையவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரசீகக் கரையின் லிங்கா துறைமுகத்தில் சுங்கக் கெடுபிடி ஏறியபோது, பஸ்தக் பக்கத்து வியாபாரிகள் பலர் துபாய்க்கு வந்தார்கள். பவளக்கல், ஜிப்சம் சாந்து, கோபுரம் எல்லாம் அவர்கள் வசதிக்குக் கட்டியவை. முத்துக் குளித்தவர்களும் மீன் பிடித்தவர்களும் பெரும்பாலும் அரீஷில், அதாவது பேரீச்ச ஓலை வீட்டில் இருந்தார்கள். பரஸ்தி என்றும் சொல்வார்கள். 'மரபு' என்று நாம் வரைவது பெரும்பாலும் பணக்காரர் வீட்டை மட்டும்தான்.

ஆனால் வெப்பக் கணக்குப் போட்டால் ஓலை வீடு கெட்டிக்காரத்தனமானது. கனமான சுவர் பகலில் சூட்டை வாங்கி ராத்திரி விடும். ராத்திரி குளிர்ந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். துபாயில் ஜூலை ராத்திரியே 30 டிகிரி பக்கம் நிற்கும்போது கனச் சுவர் என்ன செய்யும்? ஓலைச் சுவரோ சூட்டைச் சேர்த்து வைப்பதே இல்லை. வெயில் இறங்கினால் அதுவும் ஆறிவிடும், இடைவெளி வழியாகக் காற்றும் வரும்.

இதைவிட முக்கியம், கோடையில் முடிந்த குடும்பங்கள் கடலோரத்தை விட்டே கிளம்பிவிடும். அல் ஐன், லிவா மாதிரி பேரீச்சத் தோப்புப் பகுதிகளுக்குப் போய், பழம் பறிக்கும் காலம் முழுக்க அங்கே இருந்துவிட்டு வருவார்கள். ஒரே வீடு 12 மாதமும் எல்லாம் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மரபின் பசுமை பாதி கட்டடத்தில் இருந்தது, மீதி இந்த நடமாட்டத்தில் இருந்தது. அதை எந்த ரெண்டரிங்கிலும் காட்ட முடியாது.

இப்போது வில்லாவுக்கு வருவோம். பழைய வீட்டில் நடுவே ஹோஷ் என்ற முற்றம், சுற்றிலும் அறைகள். பக்கத்து வீட்டுச் சுவரும் நெருக்கம், நடுவில் சிக்கா என்னும் குறுகிய சந்து. வீடுகளே ஒன்றுக்கொன்று நிழல். மகனுக்குக் கல்யாணமா, முற்றத்தை ஒட்டி இன்னொரு அறை எழும்பும். இன்றைய வில்லா இதை அப்படியே உள்வெளியாகத் திருப்பிவிட்டது. நடுவில் வீடு, சுற்றிலும் யாரும் நடக்காத வெயில் சந்து, அதற்கப்பால் மதில். நாலு பக்கமும் வெயில் வாங்குகிறது. என்றைக்கோ வரப்போகும் பேரப்பிள்ளைகளுக்கான அறையையும் இன்றே கட்டி இன்றே குளிரூட்டுகிறோம். இதன் மேல் ஒரு கோபுரத்தை வைப்பது, அர்த்தம் புரியாத பழைய கோடைக் காப்பி-பேஸ்ட் செய்கிற மாதிரி. கம்பைல் ஆகும், ஆனால் ஒரு வேலையும் செய்யாது.

அபுதாபியின் மஸ்தார் சிட்டி நல்ல பாடம். ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் வடிவமைத்த முதல் கட்டம் 2010-ல் திறந்தது. எல்லாரும் படம் எடுப்பது அங்கிருக்கும் 45 மீட்டர் காற்றுக் கோபுரத்தை. எனக்கு அதைவிடப் பெரிய சாதனையாகத் தெரிவது பக்கத்தில் இருக்கும் குறுகிய, நிழலான தெருக்கள். கோபுரம் ஒரு முற்றத்துக்குத்தான் காற்று தரும். சந்து நடக்கிற எல்லாருக்கும் நிழல் தரும்.

'அப்போ ஏசி வேண்டாமா?' என்று கேட்பீர்கள். வேண்டும். 45 டிகிரியில் குழந்தையையும் பாட்டியையும் வைத்துக்கொண்டு வீர வசனம் பேச முடியாது. ஆனால் பழைய நடமாட்டத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரலாம். நல்ல இன்சுலேஷனோடு ஒரு சிறிய கோடைப் பகுதி, மொத்தக் குடும்பமும் நாலைந்து மாதம் அங்கே புழங்கட்டும். மற்ற அறைகளில் அந்த மாதங்களில் ஏசியை லேசாக ஓடவிட்டால் போதும், பூஞ்சை பிடிக்காது. நவம்பர் முதல் மார்ச் வரை முற்றமும் மொட்டை மாடியும் உண்மையான அறைகள். மஜ்லிஸுக்குத் தெருப்பக்கமே தனி வாசல் இருந்தால், விருந்தாளி வரும்போது அதை மட்டும் குளிர்வித்தால் போதும். இது மரியாதைக்கான ஏற்பாடு, மின்சாரக் கணக்கிலும் லாபம்.

கடைசியாக ஒன்று. நம்மூர்ப் பெண்கள் பலர் இந்த வீடுகளில் வேலை செய்கிறார்கள் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. இப்படிப்பட்ட வரைபடங்களில் வேலையாள் அறை பல சமயம் மொட்டை மாடியிலோ சமையலறைக்குப் பின்னாலோ ஒரு சின்னச் சதுரம். வீட்டிலேயே அதிக வெப்பம் வாங்கும் இடங்கள் அவை. இனி ஒரு பசுமை வீட்டு வரைபடம் கையில் கிடைத்தால், கோபுரத்தைப் பார்க்குமுன் அந்தச் சதுரத்தைத் தேடிப் பாருங்கள். அங்கே ஆகஸ்ட் மத்தியானம் ஒருவர் படுத்துத் தூங்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் அந்த வீட்டின் கணக்கு இன்னும் முடியவில்லை.